வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்கு விளையாட்டு: எவ்வளவு, எது, யாரோடு?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடி ஃப்ளாட். ஒன்பது வயதில் மகள், ஆறு வயதில் மகன். இருவரும் பள்ளிக்குப் போகாமல் வீட்டில் படிக்கிறார்கள். மகள் வாரத்தில் மூன்று நாள் நீச்சல் வகுப்புக்குப் போகிறாள். மகன் எதிலும் சேரவில்லை, ஆனால் வீட்டுக்குள் நாள் முழுக்கத் துள்ளிக்கொண்டே இருக்கிறான். "ஸ்கூலுக்குப் போனா பி.டி. பீரியடாவது இருக்கும்" என்று உங்கள் மாமியார் சொல்வது மனதில் உறுத்துகிறது. உடற்கல்விக்கென்று பாடத்திட்டம் ஏதாவது வாங்க வேண்டுமா, பையனைக் கிரிக்கெட் கோச்சிங்கில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாடத்திட்டமும் கோச்சிங்கும் மேலுக்குக் கேட்ட கேள்விகள் என்றே எனக்குப் படுகிறது. பள்ளிக்கூடம் கொடுத்திருக்கக்கூடிய எதையோ நம் பிள்ளைகளுக்கு இல்லாமல் செய்துவிட்டோமோ, செய்திருந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் உள்ளே இருக்கும் கவலை. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் உடற்கல்வி ஆசிரியை. இருபது வருடத்துக்கு மேல் பள்ளி மைதானத்தில் நின்றிருக்கிறேன். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் மாலைப் பயிற்சிக்கு வந்த வகையில் சிலரைத்தான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஆகவே உடல், பயிற்சி பற்றி உறுதியாகப் பேசுவேன். வீட்டுக்கல்வி நல்லதா கெட்டதா என்ற வழக்குக்குள் போக மாட்டேன்.

பி.டி. பீரியடைப் பற்றி முதலில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பல பள்ளிகளில் அது வாரத்துக்கு இரண்டு பீரியட், ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு மேல். மாடியிலிருந்து இறங்கி வரிசையில் நிற்க ஐந்து நிமிடம், திரும்பப் போக ஐந்து நிமிடம். ஒரு பந்துக்கு இருபது பேர். நான் எவ்வளவு முயன்றாலும், ஒதுங்கி நிற்கும் சுபாவமுள்ள பிள்ளை பத்து நிமிடம் மூச்சு வாங்க ஓடியிருந்தால் அதுவே அதிகம். பரீட்சை நெருங்கினால் அந்த பீரியடும் கணக்குக்கோ அறிவியலுக்கோ போய்விடும். ஆக, பி.டி. பீரியட் போய்விட்டதே என்று நீங்கள் வருந்த வேண்டியதில்லை. அதை வீட்டிலேயே எளிதாக ஈடுகட்டலாம். பள்ளியில் ஈடுகட்டக் கடினமான ஒன்று இருக்கிறது. அது இன்டர்வெல்லில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பஸ் வரும்வரை நடக்கும் விளையாட்டு. டீச்சர் இல்லாத நேரத்தில் பெரியதும் சிறியதுமாகக் கூடி, தாங்களே ஆட்களைப் பிரித்து, அவுட்டா இல்லையா என்று சண்டை போட்டு, டூ விட்டு, பெல் அடிப்பதற்குள் மறுபடி சேர்ந்துகொள்வது. இதற்குப் பிறகு வருகிறேன், ஏனென்றால் உங்கள் பிள்ளைகள் விஷயத்தில் நான் அதிகம் யோசித்தது இதைப் பற்றித்தான்.

எவ்வளவு வேண்டும் என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு வாரம் முழுவதும் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம், மிதமானது முதல் கடுமையானது வரையிலான உடலசைவு வேண்டும். வாரத்தில் குறைந்தது மூன்று நாள் நன்றாக மூச்சு வாங்கும் வேலையும், தசையையும் எலும்பையும் பலப்படுத்தும் வேலையும் அதில் இருக்க வேண்டும். "சராசரியாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். 2010-ல் வந்த பழைய வழிகாட்டுதலில் அது "தினமும் குறைந்தது" என்று இருந்தது. ஐப்பசி மழையில் இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே முடங்கினால் குடி முழுகிப் போகாது, வெயில் வந்த பிறகு சேர்த்து ஆடிக்கொள்ளலாம். மிதம் எது, கடுமை எது என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதம். நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்க நிற்கிறாள் என்றால் கடுமை. மெதுவாகச் செய்யும் யோகாசனங்கள் வளைவுக்கும் சமநிலைக்கும் நல்லவை, செய்யட்டும். ஆனால் அவை மூச்சு வாங்க வைப்பதில்லை, அதனால் ஓட்டத்தின் கணக்கில் அவற்றைச் சேர்க்காதீர்கள்.

மகளின் நீச்சலை நிறுத்த வேண்டாம். தண்ணீரில் விழுந்தால் பிழைத்து வரத் தெரிந்திருப்பது எந்தப் பதக்கத்தையும் விடப் பெரிது. ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒரு நாள் கரையில் உட்கார்ந்து, கையில் வாட்ச்சை வைத்துக்கொண்டு, முக்கால் மணி நேர வகுப்பில் அவள் உண்மையில் நீந்துவது எத்தனை நிமிடம் என்று பாருங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருக்கும் நேரத்தைக் கழித்தால், சில வகுப்புகளில் மிச்சமாவது உங்களுக்கு வியப்பைத் தரும். இரண்டாவது, தண்ணீர் உடல் எடையைத் தாங்கிக்கொள்கிறது. மூச்சுக்கும் தசைக்கும் அது நல்லது, எலும்புக்கு மட்டும் போதாது. எலும்பு உறுதிப்பட, காலில் எடை விழ வேண்டும், குதிக்க வேண்டும். பூப்பெய்துவதற்கு முந்தைய வருடங்களும் அதை ஒட்டிய வருடங்களும் எலும்பு சேர்வதற்கு முக்கியமான காலம். அதனால் நீச்சல் இல்லாத நாட்களில் ஸ்கிப்பிங் கயிறு, பாண்டி, நொண்டி, பச்சைக்குதிரை என்று ஏதாவது குதிக்கிற ஆட்டம் இருக்கட்டும். படியிலிருந்து குதித்து இறங்கும்போது முழங்கால் மடங்கி, சத்தமில்லாமல் பாதம் தரையில் பட வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள். "தொப்" என்று சத்தம் கேட்டால் காலை விறைத்துக்கொண்டு இறங்குகிறாள் என்று அர்த்தம். கீழ் வீட்டுக்காரரும் நன்றி சொல்வார்.

இனி மகன். நாள் முழுக்கத் துள்ளுகிறான் என்றீர்கள், சந்தோஷம், அதுவும் கணக்கில் சேரும். அக்காவும் தம்பியும் கட்டிப் புரள்வதையும் பயந்து நிறுத்தாதீர்கள். முகத்தில் சிரிப்பு இருந்து, மாறி மாறிக் கீழே விழுந்தால் அது விளையாட்டு. ஒருவரே எப்போதும் கீழே கிடந்து முகம் இறுகினால் அப்போது போய் விலக்கலாம். ஆனால் துள்ளுவதால் மட்டும் வராத திறமைகள் இருக்கின்றன. ஓட்டமும் குதிப்பும் பெரும்பாலும் தானாக வந்துவிடும். எறிவது, பிடிப்பது, உதைப்பது, மட்டையால் அடிப்பது போன்றவை வயது ஏறினால் தானே வந்துவிடுவதில்லை. யாராவது காட்டிக் கொடுத்து, திரும்பத் திரும்பச் செய்தால்தான் வரும். பத்துப் பன்னிரண்டு வயதில் "எனக்கு விளையாட்டு வராது" என்று மரத்தடியில் உட்கார்ந்துவிடும் பிள்ளைகளில் பலருக்கு ஆசை இல்லாமல் இல்லை. பந்தை எறியத் தெரியவில்லை, அது நாலு பேர் முன்னால் தெரிந்துவிடும் என்ற கூச்சம்தான்.

இன்று மாலை ஒரு சோதனை செய்து பாருங்கள். பழைய சாக்ஸை உருண்டையாகச் சுருட்டி, அவன் கையில் கொடுத்து, சுவரைப் பார்த்து எறியச் சொல்லுங்கள். ஆறு வயதுப் பையன்கள் பலர் சுவருக்கு நேராக நின்று, கால் இரண்டையும் ஊன்றிக்கொண்டு, அல்லது எறியும் கைப் பக்கத்துக் காலையே முன்னால் வைத்து, காதோரத்திலிருந்து பந்தைத் தள்ளுவார்கள். இடுப்பு திரும்பாது. சரிசெய்வது எளிது. வலதுகைப் பிள்ளை என்றால் இடது தோள் சுவரைப் பார்க்கிற மாதிரி பக்கவாட்டில் நிறுத்துங்கள். தரையில் சாக்பீஸால் ஒரு பாதம் வரைந்து, "இடது காலால் இதை மிதித்துக்கொண்டே எறி" என்று சொல்லுங்கள். கால் விழுகிறது, இடுப்பு திரும்புகிறது, முழங்கை முன்னால் வருகிறது, கடைசியாகக் கை. இதை நாலு பாகமாகப் பிரித்து விளக்காதீர்கள், அவனுக்குக் குழம்பும். பாதம் மட்டும் போதும், மற்றது பின்னாலேயே வரும். இன்னொன்று, குறி வைக்கச் சொல்லாதீர்கள். குறி என்றவுடன் பிள்ளைகள் உடம்பைச் சுருக்கிக்கொண்டு மெல்லத் தள்ளத் தொடங்குவார்கள். "எவ்வளவு பலமா முடியுமோ அவ்வளவு பலமா அடி" என்று சொல்லுங்கள். உடம்பு முழுதாகத் திரும்பப் பழகிய பிறகு குறி தானாக வரும். சாக்ஸ் பந்து என்பதால் வீட்டில் எதுவும் உடையாது. பிறகு மொட்டைமாடிச் சுவரில் டென்னிஸ் பந்து.

பிடிப்பதில் பிரச்சினை பயம். பந்து வரும்போது முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடினால், பந்து அவனுக்குக் கடினமாகவோ வேகமாகவோ இருக்கிறது என்று பொருள். பலூனில் தொடங்குங்கள், பிறகு பெரிய மென்மையான பந்து, ஒரு தடவை தரையில் குத்தி வருவதைப் பிடிப்பது, அப்புறம் நேராக வருவது. பத்து நிமிடம் போதும், வாரத்தில் நாலு நாள். அவன் கேட்டால் மட்டும் பதினொன்றாவது நிமிடம். ஒன்பது வயது மகளுக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள். பெண் பிள்ளைகளுக்கு எறியக் கற்றுக் கொடுக்க வேண்டும் என்று நம் வீடுகளில் யாருக்கும் தோன்றுவதில்லை. அவர்கள் கையில் பந்து போய்ச் சேர்வதே குறைவு.

இதனால்தான் ஆறு வயதில் கிரிக்கெட் கோச்சிங் வேண்டாம் என்கிறேன். ஆட்டத்தின் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. பேடும் ஹெல்மெட்டும் மாட்டி வரிசையில் நின்று, முறைக்கு ஆறு பந்து அடிப்பது அந்த வயதுக்கு மிகக் குறைவான அசைவு. ஒரே விளையாட்டில் மட்டும் சீக்கிரம் நிலைத்துவிடுவதால் பெரும்பாலான விளையாட்டுகளில் பலன் இல்லை, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் காயங்களும் சலிப்பும் கூடுகின்றன என்பதில் விளையாட்டு மருத்துவர்களிடையே ஓரளவு ஒத்த கருத்து இருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி 2016-ல் வெளியிட்ட அறிக்கையில், ஒரே விளையாட்டில் முழுதாக இறங்குவதை 15, 16 வயது வரையாவது தள்ளிப்போடலாம் என்று சொன்னது. ஜிம்னாஸ்டிக்ஸ் மாதிரி சீக்கிரம் உச்சம் தொடும் சில விளையாட்டுகள் விதிவிலக்கு. கட்டாயம் எதிலாவது சேர்த்தே ஆக வேண்டும் என்றால், பக்கத்தில் நல்ல ஆசான் இருந்தால் சிலம்பத்தைப் பாருங்கள். இரண்டு கையும் வேலை செய்யும், காலடி பழகும், அக்காவும் தம்பியும் ஒன்றாகவே போகலாம். பாடத்திட்டம் எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

இப்போது மற்ற பிள்ளைகள் விஷயம். உங்கள் கடிதத்தில் நீச்சல் கோச் வருகிறார், நீங்கள் வருகிறீர்கள், கணவர் ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்குக் கூட்டிப் போகிறார். வேறு குழந்தை ஒன்றுகூட வரவில்லை. பெரியவர்கள் நடத்தும் வகுப்பில் பிள்ளை திறமையைக் கற்கும். விதியை உண்டாக்க, தோற்றுவிட்டு மறுநாள் வர, தன்னைவிடச் சின்னவனுக்காகக் கொஞ்சம் விட்டுக் கொடுக்க, கூட்டத்தில்தான் கற்கும். ஏழு கல் ஆடும்போது பாருங்கள். சா பூ த்ரீ போட்டு ஆள் பிரிப்பதிலேயே பாதிச் சண்டை முடிந்துவிடும். சின்னவனை இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒப்புக்குச் சேர்த்துக்கொள்வார்கள். அவனை அவுட் ஆக்க மாட்டார்கள், ஆனால் அவன் ஓடுவான், கல்லை அடுக்கப் பார்ப்பான், அடுத்த கோடையில் அவனே முழு ஆள். இந்த ஏற்பாட்டை எந்தக் கோச்சும் அவர்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. கல்லா மண்ணா, திருடன் போலீஸ், ஐஸ் பாய், நாடு பிடிப்பது எல்லாம் இப்படித்தான். ஓட்டமும் திடீர்த் திருப்பமும் பதுங்கலும் நிறைந்த இந்த ஆட்டங்களில் ஒரு பிள்ளை தன்னை மறந்து ஓடும் தூரத்தை, நான் விசில் ஊதி ஓடவைக்க முடிந்ததே இல்லை.

அதற்கு என்ன செய்வது? மாலையில் ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்துக்கு, வாரத்தில் குறைந்தது நாலு நாள் போங்கள். கார் பார்க்கிங், தெருமுனை மாநகராட்சித் திடல், எதுவாக இருந்தாலும் சரி. பள்ளிப் பிள்ளைகள் டியூஷனுக்குப் போகும் முன் கிடைக்கும் அந்த ஐந்து மணி இடைவெளியைக் குறிவையுங்கள். உங்கள் பிள்ளைகளுக்குக் காலையெல்லாம் நேரம் இருக்கலாம், மற்றவர்களுக்கு அப்போதுதான் நேரம். முதல் சில வாரம் யாரும் ஆட்டைக்குச் சேர்க்காமல் போகலாம். கையில் ஒரு ரப்பர் பந்தும் நீளமான கயிறும் இருந்தால் கூட்டம் தானாக வரும். நீளக் கயிற்றை இரண்டு பேர் சுற்ற, நடுவில் மூன்று பேர் குதிக்கலாம். அதற்கு ஆள் தேவை என்பதுதான் அதன் நன்மை. வீட்டுக்கல்விக் குடும்பங்கள் மட்டும் மாதத்துக்கு ஒருமுறை கூடுவது நல்ல பழக்கம், ஆனால் அது இதற்கு ஈடாகாது. மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பவனோடு சண்டை போட்டுச் சமாதானமாக வழியில்லை. நீங்கள் தள்ளி, பார்வை படும் தூரத்தில் உட்காருங்கள். கல் தூக்கினால், ரோட்டுக்கு ஓடினால் எழுந்து போங்கள். அவுட் பிரச்சினைக்கு எழாதீர்கள். உங்களிடம் தீர்ப்புக் கேட்டு வருவார்கள், வீட்டில் எல்லாவற்றுக்கும் அம்மா இருந்து பழகியவர்கள் கூடுதலாகவே வருவார்கள். "நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்று திருப்பி அனுப்புங்கள்.

வெளியே போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: கண். சீனாவின் குவாங்சோ நகரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாட்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளிப்புற நேரம் கொடுத்து மூன்று வருடம் பார்த்தார்கள். புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் சுமார் 30 சதவீதம், கூடுதல் நேரம் கொடுக்காத பள்ளிகளில் சுமார் 40 சதவீதம். 2015-ல் வெளியான ஆய்வு அது. வெளிச்சம்தான் காரணம் என்று கருதுகிறார்கள். ஏற்கெனவே கண்ணாடி போட்ட பிள்ளைக்குப் பவர் ஏறுவதை இது தடுக்குமா என்பதில் ஆதாரம் பலவீனம். சென்னை வெயிலுக்கு மார்ச் முதல் ஜூன் வரை காலை எட்டு மணிக்கு முன், மாலை ஐந்துக்குப் பின். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் என்றால் உடனே நிழல், உடம்பில் தண்ணீர், சரியாகவில்லை என்றால் டாக்டர்.

உறுதியில்லாதவற்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவற்றைக் காட்டித்தான் பெற்றோரிடம் பணம் வாங்குகிறார்கள். விளையாடினால் படிப்பு வருமா? ஆடி முடித்த கையோடு கொஞ்ச நேரம் கவனம் கூடுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. மதிப்பெண் ஏறும் என்பதற்கு ஆதாரம் கலவையாகவே இருக்கிறது. நான் விளையாட்டை அதற்காகப் பரிந்துரைப்பதில்லை. கம்பியில் தொங்கினால், கூடைப்பந்து ஆடினால் உயரம் வளரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பளு தூக்கினால் வளர்ச்சி நின்றுவிடும் என்ற பயத்துக்கும் ஆதாரம் இல்லை. சொல்லிக் கொடுக்க ஆள் இருந்து, வயதுக்கேற்ற அளவில் செய்தால் தண்டால், தொங்கல் எல்லாம் பாதுகாப்பானவை. சிறுவயதில் திறமையாக ஆடும் பிள்ளைகள் பின்னாளில் அதிகம் ஆடுகிறார்கள் என்ற தொடர்பு தெரிகிறது. திறமையால் ஆர்வமா, ஆர்வத்தால் திறமையா என்பது முழுதாகப் பிரிபடவில்லை.

சரியாகப் போகிறதா என்று எப்படித் தெரியும்? கேலோ இந்தியா, ஃபிட் இந்தியா திட்டங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைக்கும் சோதனைகளையே வீட்டில் செய்யலாம். 5 முதல் 8 வயதுக்கு உயரம், எடையோடு ஒற்றைக்காலில் நிற்பது, இரண்டு வட்டுகளை மாறி மாறி வேகமாகத் தட்டுவது. 9 வயதிலிருந்து 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், உட்கார்ந்து கால்விரலைத் தொடுவது, அரை நிமிட வயிற்றுப் பயிற்சி, தண்டால். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். அவரவர் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள், அக்காவோடு தம்பியை வேண்டாம். விளையாடும்போது இளைப்பு, நெஞ்சுவலி, மயக்கம் வந்தாலோ, ஒரே மூட்டு வாரக்கணக்கில் வலித்தாலோ நோட்டை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள். அது என் வேலை இல்லை.

மகளைப் பற்றி நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் அவள் வளர்ந்துவிடுவாள். 2016-ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கில், 11 முதல் 17 வயதுப் பெண்களில் 85 சதவீதம் பேர் போதுமான அளவு ஆடி ஓடவில்லை, ஆண்களில் 78. என் பள்ளியிலும் ஏழாம் வகுப்பில்தான் பெண்கள் ஓரமாகப் போய் நிற்கத் தொடங்குவார்கள். துப்பட்டா, மாதவிடாய் நாட்கள், "பெரிய பொண்ணாயிட்ட, இன்னும் என்ன ஓட்டம்" என்ற பேச்சு, எல்லாம் ஒரே சமயத்தில் வரும். ஓடத் தோதான உடை, சரியான உள்ளாடை, மாதவிடாய் நாட்களிலும் விருப்பப்பட்டால் ஆடலாம் என்ற தெளிவு, கூட ஆட இரண்டு தோழிகள். இவற்றை இப்போதே தயார் செய்யுங்கள். பள்ளியில் நான் அம்மாக்களைக் கூப்பிட்டுச் சொல்லும்போது பலருக்கும் நேரம் கடந்திருக்கும். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

கடைசியாக, பின்னால் போட்டிகளுக்குப் போக முடியுமா என்று கேட்டீர்கள். பள்ளிகளுக்கிடையே நடக்கும் போட்டிகளுக்குப் பள்ளியின் சான்று வேண்டும், அந்த வழி அடைபட்டதுதான். நீச்சல், தடகளச் சங்கங்களின் வயதுப்பிரிவுப் போட்டிகளுக்குக் கிளப் வழியாகப் போகலாம், அங்கே முக்கியம் பிறந்த தேதிச் சான்று. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மைதானங்களிலும் வேளச்சேரி நீச்சல் வளாகத்திலும் பயிற்சியில் சேர்வது பற்றி நேரில் போய் விசாரியுங்கள், உங்களுக்குப் பக்கம்தான். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பள்ளிப் பிரிவு போகப் பொதுமக்கள் பிரிவும் இருக்கிறது, பெரியவளான பிறகு அதைப் பார்க்கலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பிளஸ் டூ எழுதினால் உடற்கல்வியும் யோகாவும் ஒரு பாடமாகவே எடுக்கலாம். இதெல்லாம் அவளுக்குப் பன்னிரண்டு வயதான பிறகு யோசித்தால் போதும். இந்த வாரத்துக்கு ஒரு நீளக் கயிறும், மாலை ஐந்து மணிக்குக் கார் பார்க்கிங்கும் போதும்.